செவ்வாய்க்கிழமை நாற்காலிகள்

அக்கா யாருக்கும் யாருடைய நம்பரையும் கொடுக்க மாட்டாள். அவளுடைய பெயின்ட் கடைக்கு வந்த ஒருவர், "நல்ல பிளம்பர் இருந்தா நம்பர் குடுங்களேன்" என்று கேட்டால் தன் போனை எடுத்துத் தானே அழைப்பாள். மறுமுனையில் எடுத்ததும், "எங்க இருக்கீங்க? ஒருத்தர் பக்கத்துல நிக்கிறாரு, பாத்ரூம் சுவத்துல கசிவாம், பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் கேட்டவர் கையில் கொடுப்பாள். அவர்கள் பேசி, நாள் குறித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள். நான் பள்ளிக்கூடப் பையோடு அந்தக் கடைக்குப் போன காலத்திலும் இப்படித்தான். நான் வேலைக்குப் போன பிறகும் இப்படித்தான்.

"நம்பரைக் குடுத்தா முடிஞ்சுபோச்சு. எதுக்குக்கா இவ்வளவு நேரம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்பர் குடுக்கறது வழி சொல்றது மாதிரி. போனைக் குடுக்கறது கூடப் போறது மாதிரி. தப்பாப் போனா என் சட்டையைப் பிடிக்கலாம்ல?"

"உன் சட்டையைப் பிடிக்கறதுல அவங்களுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல. ஆனா பிடிக்க ஒரு சட்டை இருக்குன்னு தெரிஞ்சா ஜனங்க தைரியமா வருவாங்க."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரியில் 'நெட்வொர்க்கிங்' என்று ஒரு பாடம் இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் அரை நிமிடத்தில் நம்மைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன் நின்று பழகினோம். அடுத்தவரைப் பற்றிச் சொல்ல யாரும் பழக்கவில்லை. அதனால் அக்கா செய்வது பெரிய விஷயம் என்று நான் வெகுநாள் நம்பினேன். இப்போதும் ஓரளவு நம்புகிறேன். அந்த ஓரளவுக்கு என்ன காரணம் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அப்பா சோப்பு ஏஜென்சி ஒன்றில் வேன் ஓட்டினார். அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். அக்கா பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்றாள். மறுபடி எழுதச் சொன்ன அப்பாவிடம், "கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாதுப்பா, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெயின்ட் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள். நிறம் கலக்கும் இயந்திரம் வந்த புதிது. முதலாளிக்கு அதைத் தொடவே பயம். அக்காவுக்குப் பயமில்லை. வெள்ளைப் பெயின்ட் டப்பாவை அதன் கீழே வைத்து, எண்ணைத் தட்டி, சொட்டுச் சொட்டாக நிறம் விழுவதைப் பார்த்து, குலுக்கும் இயந்திரத்தில் ஏற்றி, இறக்கியதும் விரலால் ஒரு தீற்று தொட்டு மூடியின் மேல் தடவிக் காயவிடுவாள். டப்பாவைத் திறக்காமலே உள்ளே என்ன நிறம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

சில வருடங்களில் முதலாளி, உடம்பு முடியவில்லை, கடையை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். அக்கா எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதமே ஒப்பந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். யாரும் சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். சின்னப் பெண் நடத்துகிற கடை எத்தனை நாளைக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது அவளுக்குக் கைகொடுத்தவர் கரண்ட் அண்ணன். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு ஒயரிங் செய்தவர். உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். தனக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர்களை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிவந்தார். "இது என் தங்கச்சி கடை. கலர்ல குறை இருந்தா என்னைத் திட்டு, அவளைத் திட்டாத" என்பார். போனைக் கொடுக்கும் பழக்கத்தை அக்கா அவரைப் பார்த்துத்தான் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவர் ஆளையே கொண்டுவந்தார், இவள் குரலைக் கொண்டுபோகிறாள்.

கடை நிமிர்ந்த பிறகு அக்கா செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தாள். ஒரு டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறை காலையில் சும்மா கிடந்தது. அங்கே பிளம்பர், தச்சர், தரைக்கல் பதிப்பவர், இளம் எஞ்சினியர், கணக்கர் என்று ஆளுக்கொரு நாற்காலி. சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். பிளம்பர் எப்போதும் 'உள்ளே வராதே' சின்னத்துக்குக் கீழே உட்காருவார். "இவர் வீட்டுக்குள்ள போனாலும் இதேதான் நிலைமை" என்று தச்சர் சொல்வார். வாரா வாரம் அதே நகைச்சுவை, வாரா வாரம் அதே சிரிப்பு.

கூட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி. ஒரே தொழிலில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் கண்காணிக்கத்தான் நேரம் சரியாக இருக்கும் என்பது அக்காவின் கணிப்பு. ஒயரிங் நாற்காலி கரண்ட் அண்ணனுக்கு. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அவர் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் படிப்பை முடித்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்ததும் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. தகுதி பார்த்துக் கொடுத்தார்களா, தங்கை என்று கொடுத்தார்களா என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா உண்மையைச் சொல்லியிருப்பாள்.

கால் லிட்டர் வந்தது அதற்குப் பிறகு.

அவளும் எலக்ட்ரீசியன்தான். டிப்ளமோ முடித்து, உரிமம் வாங்கி, ஒரு பழைய மொபெட்டில் கருவிப் பையோடு தனியாக வேலை செய்தாள். சுவரை வெட்டி ஒயர் பதித்த பிறகு, "பூசறது கொத்தனார் வேலை" என்று விட்டுவிட்டுப் போவது எலக்ட்ரீசியன்களின் வழக்கம். இவள் அப்படிப் போக மாட்டாள். வெட்டிய இடத்தைத் தானே பூசி, பட்டி தேய்த்து, அந்தச் சுவரின் நிறத்தையே அடித்துவிட்டுத்தான் போவாள். அதற்காகச் சுவரிலிருந்து நகக்கண் அளவுக்குப் பெயின்ட் செதிலைப் பெயர்த்துத் தாளில் மடித்துக்கொண்டு கடைக்கு வருவாள். இருப்பதிலேயே சின்ன டப்பாதான் வாங்குவாள். அதனால் கடைப் பையன்கள் அவளுக்குக் கால் லிட்டர் என்று பட்டம் வைத்தார்கள். அவளும், "கால் லிட்டர் வந்திருக்கேன், கவனிங்கப்பா" என்றுதான் கடைக்குள் நுழைவாள்.

அக்காவுக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போயிற்று. வெயிலில் வெளுத்த சுவருக்கு அட்டையில் உள்ள எண் பொருந்தாது. இரண்டு பேரும் செதிலை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு சொட்டு மஞ்சள்" "வேணாம்க்கா, காஞ்சா ஏறிக்கும்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள்.

ஒருநாள் அவள் நேராகவே கேட்டாள். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துல எனக்கும் ஒரு சேர் கிடைக்குமாக்கா? தனியா ஓடி ஓடிப் பாக்கறேன். பொண்ணுன்னு பாத்ததும், வீட்டுல ஆம்பளை யாராவது கூட வருவாங்களான்னு கேக்கறாங்க. நீங்க சொல்லி அனுப்பினா அப்படிக் கேக்க மாட்டாங்க."

"ஒயரிங் சேர்ல ஆள் இருக்காரும்மா."

"எப்ப காலியாகும்?"

"அவர் தப்புப் பண்ணினாத்தான்."

கால் லிட்டர் செதில் இருந்த தாளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "பண்ணிட்டுதான் இருக்காரு. பின்னாடியே போய் நான்தான் சரி பண்ணிட்டு இருக்கேன்" என்றாள்.

அது பொறாமைப் பேச்சு இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். கரண்ட் அண்ணன் அளவுக்கு மீறி வேலைகளை ஒப்புக்கொண்டு, ஆட்களை அனுப்பிவிட்டுத் தான் போய்ப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். வெந்நீர் ஹீட்டருக்கு மெல்லிய ஒயர், பெட்டிக்குள் இணைக்காமலே சுருட்டி வைத்த எர்த் ஒயர் என்று புகார்கள் வந்தன. எல்லாம் அக்காவிடம்தான் வந்தன. போன் போட்டுக் கொடுத்தது அவள்தானே. அவள் அண்ணனிடம் சொன்னபோது, "ரெண்டு நாள்ல ஆள் அனுப்பறேன்மா" என்றார். ஆள் வரவில்லை.

இரண்டாவது ஒயரிங் ஆளைக் கூட்டத்தில் சேர்த்தால் விதி உடையும். அண்ணனை நாற்காலியிலிருந்து எழுப்பினால், தன்னைத் தூக்கி நிறுத்திய கையைத் தானே தட்டிவிட்டது போல ஆகும். இரண்டுமில்லாத ஒரு வழியை அக்கா கண்டுபிடித்தாள். புகார் வந்த வீடுகளுக்குக் கால் லிட்டரை அனுப்பினாள். கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்தாள். "யாருன்னு கேட்டா, அண்ணன் அனுப்பினாருன்னு சொல்லிடு. கூட்டத்துக்குக் கெட்ட பேரு வரக் கூடாது. வருஷம் முடியட்டும், எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன், உனக்கு சேரும் போடறேன்."

"சரிக்கா" என்றாள் கால் லிட்டர்.

இந்த ஏற்பாடு கரண்ட் அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அக்காவுக்கும் கால் லிட்டருக்கும் மட்டும்தான் தெரியும். புகார்கள் நின்றன. கூட்டத்தில் எல்லோரும், "அக்கா தலைமையில ஒரு குறை கிடையாது" என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு பல் டாக்டரம்மா புது கிளினிக் கட்டினார். மொத்த வேலையையும் எங்கள் கூட்டத்துக்கே கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். எங்களில் யாருக்கும் அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் வந்ததில்லை. தச்சர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "பல்லு பிடுங்கவா வந்தோம், இவ்வளவு அலங்காரம்?" என்றார் பிளம்பர். நான் கட்டடக் காப்பீடு பற்றிப் பேசப் போயிருந்தேன். ஜன்னல் சட்டங்கள் சுவரில் சாய்ந்திருந்த வெற்றுக் கூடத்தில் எல்லோரும் நின்றோம்.

டாக்டரம்மா கரண்ட் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "உங்க ஆளு ஒரு பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து ஹீட்டர் லைனை மாத்திக் குடுத்தா. எந்த இடத்துல வெட்டினான்னு மறுநாள் நானே தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியல. அதைப் பார்த்துத்தான் இந்த வேலையை உங்களுக்கே குடுக்கறேன். இங்கயும் அவளையே அனுப்புங்க."

அண்ணனிடம் பெண் யாரும் வேலை செய்யவில்லை. அவர் முழித்தது ஒரு நொடிதான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக, "நம்மகிட்ட நிறையப் பேரு இருக்காங்க மேடம். யாரு வந்தாலும் வேலை ஒண்ணுதான்" என்றார்.

டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினார். "நீங்கதானே அனுப்பி வச்சீங்க? யாரு அந்தப் பொண்ணு?"

அக்கா எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "நம்ம டீம்தான் மேடம்" என்றாள்.

தலைவராக இருப்பவர் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'நாம்' என்று சொல்ல வேண்டும் என்று எங்கள் அலுவலகப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று அந்த வார்த்தையைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். அதற்குள் ஒரு ஆளையே மறைத்துவிட முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்குமா? இதை நான் பலமுறை யோசித்துவிட்டேன். ஒருநாள் ஆம் என்று தோன்றும், இன்னொரு நாள் இல்லை என்று தோன்றும்.

வெளியே வந்ததும் கரண்ட் அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். "எந்தப் பொண்ணும்மா?"

அக்கா சொன்னாள். முழுதாகச் சொன்னாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "என் வேலை சரியில்லன்னா நடுரோட்டுல நிக்க வச்சு நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேக்கறதுக்கு உனக்கு இல்லாத உரிமையா? என் பின்னாடி ஆள் விட்டுத் துடைச்சிருக்க. நான் என்ன, கட்டில்ல ஒண்ணுக்குப் போற குழந்தையா?"

"உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னுதான் அண்ணே."

"இப்ப விட்டுக்கொடுக்காம வச்சிருக்கியா?"

அந்தக் கிளினிக் ஒயரிங்கை அவர் ஆட்களை விடாமல் தன் கையாலேயே செய்தார். காலையில் முதலில் வந்து கடைசியில் போனார். வேலை சுத்தமாக இருந்தது. ஒயரிங் முடிந்த வாரம், "இனிமே செவ்வாய்க்கிழமை எனக்கு வேற சோலி இருக்கு" என்று தச்சரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்.

கால் லிட்டருக்கு நடந்தது தெரியவர வெகுநாள் ஆகவில்லை. தச்சர் வாய் சும்மா இருக்காது. ஒரு மதியம் அவள் கடைக்கு வந்தாள். நான் அங்கே இருந்தேன். வழக்கம்போலச் செதிலை நீட்டினாள், அக்கா நிறம் கலந்தாள், டப்பா குலுங்கி முடிந்தது.

"சேர் காலியாயிடுச்சு. வந்து உக்காரு" என்றாள் அக்கா.

"அவரு எந்திரிச்ச சேர்ல நான் போய் உக்காந்தா, போட்டுக் குடுத்து எழுப்பிட்டான்னு பேசுவாங்க. அதை விடுங்க, பேசினா பேசிட்டுப் போறாங்க." மூடியில் காய்ந்துகொண்டிருந்த நிறத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "டாக்டரம்மா என்னைத்தான் கேட்டிருக்காங்க. பேரெடுக்க ஒரு வாய்ப்பு, வாசல் வரைக்கும் வந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ஊர்ல யாரும் என்னை, கூட ஆம்பளை வருவாங்களான்னு கேட்டிருக்க மாட்டாங்க. டீம்னுட்டீங்க."

"தப்புதான்."

"தப்புன்னு என்கிட்ட சொல்லி என்ன பண்ண? அவங்ககிட்ட சொல்லுங்க. அந்த வீட்டு வேலை இவ செஞ்சதுன்னு. அப்புறம் நானே வந்து உக்கார்றேன்."

"சொல்றேன்."

"எப்பக்கா?"

"சொல்றேன்மா."

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். சுள்ளென்று எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். நிறத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

அக்கா ஏன் உடனே போய்ச் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்கள் இருந்தன. சரிசெய்தது கால் லிட்டர் என்று சொன்னால், முதலில் அந்த வீட்டு ஒயரிங்கைக் கெடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும். தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். தச்சர் அதற்குள் மரம் வாங்கியிருந்தார், எஞ்சினியர் இதற்காக வேறொரு வேலையை விட்டிருந்தார். மற்றவர்கள் வேலையும் முடியட்டும் என்றாள். முடிந்தது. கிளினிக் திறக்கட்டும் என்றாள். திறந்தது. ஒருநாள் துணிந்து போனாள். வரவேற்பில் வரிசை எண் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவள் முறை வந்து உள்ளே போனதும், "என்ன தொந்தரவு?" என்று கேட்டார் டாக்டரம்மா. அக்கா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல்லில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததாம். அடைத்து அனுப்பிவிட்டார்.

"சொன்னியா?" என்று கேட்டேன்.

"வாயில பஞ்சு வச்சிருந்தாங்கடி."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பாதி உதடு மரத்துப்போயிருந்த சிரிப்பு. பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்தினோம்.

போன வருடம் அத்தானுக்கு வேலை வேறு ஊருக்கு மாறியது. அவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். அக்கா கடையைத் தன்னிடம் நெடுநாள் இருந்த விற்பனையாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த ஊரில் புதுக் கடைக்கு இடம் பார்த்தாள். கடைசிச் செவ்வாய்க்கிழமை எல்லோரும் பேசினார்கள். அவளால் தனக்குக் கிடைத்த முதல் வேலையைத் தச்சர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்று காலை கரண்ட் அண்ணன் அறைக்குள் வராமல், கீழே தெருவில் நின்று அவளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். பழைய உரத்த குரல் அதில் பாதிதான் இருந்தது, ஆனால் இருந்தது. கால் லிட்டர் வரவில்லை. யாரும் அவளை அழைத்திருக்கவில்லை, அவள்தான் கூட்டத்தில் இல்லையே.

இப்போது கூட்டத்தை எஞ்சினியர் நடத்துகிறார். ஒயரிங் நாற்காலியில் இன்னும் யாரையும் போடவில்லை. யார் பேரையாவது எடுத்தால் தச்சர், "அக்கா ஒரு வார்த்தை சொல்லணும்" என்கிறார். என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியாததுபோல.

நான் போனில் கேட்கும்போதெல்லாம் அக்கா, "அடுத்த தடவை வரும்போது நேர்ல போய்ச் சொல்லிடறேன்" என்கிறாள். அவள் இதற்குள் சில தடவை வந்து போய்விட்டாள். நல்ல தலைவர் என்று யாரையாவது காட்டச் சொல்லி என்னைக் கேட்டால் இன்றும் இவளைத்தான் காட்டுவேன். எத்தனையோ பேருக்கு வாய் திறந்தவள், ஒருத்திக்குத் திறக்க முடியாமல் போனது எதனால்? நன்றியாலா, பயத்தாலா, பொறுப்பாலா? மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் என்னைக் குழப்புகிறது.

நானே சொல்லிவிடலாமா என்று கால் லிட்டரிடம் கேட்டேன். ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சுவருக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா அது சேதி. அக்கா சொன்னாத்தான் கணக்குத் தீரும்" என்றாள். "நீங்களா என்னை அனுப்பினீங்க?"

சென்ற வாரம் கிளினிக்கின் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போனேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே டாக்டரம்மா, "உங்க டீம்ல ஒரு பொண்ணு இருந்தாளே, அவ இன்னும் இருக்காளா?" என்று கேட்டார்.

"இந்த ஊர்லதான் இருக்கா மேடம். அவளைப் பத்தி அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"அவங்கதான் சொல்லணும் மேடம்."

அவர் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தார். பிறகு, "சரி, வரச் சொல்லுங்க" என்றார். அன்று மாலையே அக்காவிடம் போனில் சொன்னேன். "ஏண்டி இப்படி மாட்டிவிட்ட?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா காத்திருக்கிறார். இதை எழுதும்வரை அக்கா போகவில்லை.